நவீன மெட்டல் வாசிப்புக்கு ஏற்ற கிட்டார் ஆம்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மெட்டல் வாசிப்பதற்கென்று ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் திருகை முழுவதும் ஏற்றிவிட்டு ஒரு பவர் கார்டை (ஒரு சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த கார்டை) ஓங்கி அடித்துப் பார்ப்பது. இன்றைக்கு விற்பனையில் உள்ள ஏறக்குறைய எல்லா ஆம்ப்களும் அந்தச் சோதனையில் தேறிவிடும். மிகச் சிறிய பயிற்சி ஆம்பில்கூட டிஸ்டார்ஷனுக்குப் பஞ்சமில்லை. ட்யூனிங்கைத் தடித்த தந்தி சி சுரத்தில் நிற்கும் டிராப் சி-க்கோ அதற்கும் கீழோ இறக்கி, ஏழு அல்லது எட்டுத் தந்திகள் கொண்ட கிட்டாரில், உள்ளங்கை விளிம்பால் தந்தியை அடக்கியபடி வேகமான ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்குகளை) வாசிப்பதே இன்றைய மெட்டலின் அன்றாட வேலை. அந்த வேலைக்கு ஆம்பிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நீங்கள் தந்தியை நிறுத்தியதும் ஒலி எவ்வளவு விரைவாக நிற்கிறது என்பதே. கெயின் எவ்வளவு உண்டு என்பது அதற்குப் பின்னால்தான் வரும்.

கீழ்ச்சுரங்கள் ஏன் குழம்புகின்றன

வழக்கமான ட்யூனிங்கில் ஆறு தந்திக் கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. டிராப் சி-யில் அதே தந்தி 65.4 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. ஏழு தந்திக் கிட்டாரின் பி தந்தி 61.7, எட்டுத் தந்திக் கிட்டாரின் எஃப் ஷார்ப் தந்தி 46.2 ஹெர்ட்ஸ். தடித்த தந்தியின் ஆற்றலில் பெரும்பகுதி இந்த அடிநாதத்திலும் அதை ஒட்டிய சில மேற்சுரங்களிலும் அடங்கியிருப்பதால், கிட்டாரின் மெல்லிய மின்னலையை வளர்க்கும் ஆம்பின் முன்நிலைப் பகுதியை முதலில் நிரப்பி வழியச் செய்பவையும் அவையே. வழியும் அலையின் உச்சியைச் சுற்று வெட்டிவிடுகிறது. அந்த வெட்டைத்தான் நாம் டிஸ்டார்ஷனாகக் கேட்கிறோம்.

வெட்டும் சுற்று, உள்ளே வந்த சுரங்களைத் தடிமனாக்குவதோடு நிற்பதில்லை. அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புதிய ஒலிகளாகப் பிறப்பிக்கிறது. பி தந்தியில் ஒரு பவர் கார்டு அடித்தால், 61.7 ஹெர்ட்ஸும் அதன் பஞ்சமமான எஃப் ஷார்ப்பின் 92.5 ஹெர்ட்ஸும் ஒன்றாக வெட்டுப்பட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 30.8 ஹெர்ட்ஸ் தானாக முளைக்கிறது. இது அதே பி சுரம், ஒரு ஸ்தாயி கீழே. பவர் கார்டு இவ்வளவு கனமாகக் கேட்பதற்குக் காரணம் இந்த வேறுபாட்டு ஒலிதான். அது அளவு மீறும்போது ரிஃப் முழுவதும் கொழகொழத்துப் போவதற்கும் அதுவே காரணம். காந்தாரத்தையும் சேர்த்து முழுக் கார்டாக வாசித்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது: சமப்பகுப்பு ட்யூனிங்கில் காந்தாரம் துல்லியமான விகிதத்தில் அமையாததால், பிறக்கும் வேறுபாட்டு ஒலிகள் ஒன்றோடொன்று இசையாமல் உறுமத் தொடங்குகின்றன.

ஆகவே, நவீன மெட்டல் ஒலியை உருவாக்கியவர்கள் அனைவரும் ஏதோ ஒரு வகையில் செய்திருப்பது ஒன்றுதான். டிஸ்டார்ஷனுக்கு முன்பு கீழ்ப்பகுதியைக் குறைத்துவிட்டு, டிஸ்டார்ஷனுக்குப் பின்பு வேண்டிய அளவு கூட்டிக்கொள்கிறார்கள். ஐபனீஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் பெடல், ப்ளூஸ் வாசிப்பவர்களிடம் பேர் வாங்கியதாயினும் மெட்டல் வாசிப்பவரின் பெடல் பலகையில் நிரந்தர இடம் பிடித்தது இதனால்தான். ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக அதன் பெருக்கம் குறைந்துகொண்டே வருகிறது. டிரைவ் திருகைப் பூஜ்யத்துக்கு அருகிலும், டோனை நடுவிலும், லெவலை ஏறக்குறைய முழுமையிலும் வைத்து ஆம்பின் முன்னால் போட்டால், நடுப்பகுதியை முன்தள்ளி ஆம்புக்குள் அனுப்புகிறது. ஆம்பும் அதைச் சேறில்லாமல் வெட்டுகிறது. இழந்த கனத்தை, ஸ்பீக்கரை இயக்கும் பகுதியான ஆம்பின் பின்நிலையில் உள்ள ரெசொனன்ஸ் அல்லது டெப்த் என்னும் திருகால் மீட்டுக்கொள்ளலாம். அந்தத் திருகு டிஸ்டார்ஷன் உருவாகி முடிந்த பிறகு வேலை செய்வதால், அதை ஏற்றினாலும் ரிஃப்பின் விளிம்பு மழுங்குவதில்லை.

எனவே ஒரு ஆம்பின் விவரக்குறிப்பைப் படிக்கும்போது சேனல்கள் எத்தனை என்பதைவிட, பின்நிலையில் ரெசொனன்ஸ் திருகு இருக்கிறதா, கீழ்ப்பகுதியை முன்கூட்டியே குறைக்கும் சுவிட்ச் ஏதும் உண்டா, முன்நிலைக்கும் பின்நிலைக்கும் நடுவே பெடல்களை இணைக்கும் எஃபெக்ட்ஸ் லூப் தொடர்நிலையில் அமைந்ததா என்பவற்றை முதலில் பாருங்கள். கடைசியாகச் சொன்னது, வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டுக்காக. கெயின் மிகுந்த ஆம்பின் இரைச்சலில் பெரும்பகுதி முன்நிலையிலேயே பிறப்பதால், கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மட்டும் கேட்டை வைத்தால் அந்த இரைச்சல் அப்படியே தங்கிவிடும். பாஸ் என்.எஸ்-2 போன்ற பெடல்களில் கிட்டாரின் நேரடி ஒலியைக் கேட்டுத் திறந்து மூடியபடியே, லூப்பின் வழியாக முன்நிலையின் இரைச்சலை அடக்கும் வசதி உண்டு. லூப் இல்லாத ஆம்பில் அதற்கு வழியே இல்லை. நேரான ஒலியையும் பதப்படுத்திய ஒலியையும் கலந்து தரும் இணைநிலை லூப்பிலும் கேட் முழுமையாக மூடாது. இரு சுரங்களுக்கு இடையிலான அமைதியும் ரிஃப்பின் ஒரு பகுதியாக இருக்கும் இசைக்கு இது சிறிய குறையாகாது.

வாட் கணக்கும் வாசிக்கும் இடமும்

வாட் எண்ணை வைத்துச் சத்தத்தை ஊகிப்பவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். ஆற்றலை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அந்தக் கணக்கின்படி 100 வாட் ஆம்பின் பாதிச் சத்தத்தைத் தருவது 50 வாட் ஆம்ப் அல்ல, 10 வாட் ஆம்ப். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையிலான சத்த வேறுபாடு, ஸ்பீக்கரை மாற்றினால் வரும் வேறுபாட்டைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம்.

அப்படியிருந்தும் மெட்டல் வாசிப்பவர்கள் 100 வாட்டை விரும்புவதற்கு நியாயம் இருக்கிறது. கீழ்ச்சுரங்களே ஆற்றலை அதிகம் தின்கின்றன. பின்நிலைப் பகுதிக்கு மூச்சு முட்டும்போது முதலில் தளர்வதும் அவைதான். பழைய ராக் ஒலியில் இந்தத் தளர்ச்சி ஓர் அழகு. நவீன மெட்டலில் டிஸ்டார்ஷன் முழுவதும் முன்நிலையில் முடிந்துவிட வேண்டும், பின்நிலை அதைச் சிந்தாமல் சிதறாமல் பெருக்கித் தர வேண்டும். ஆகவே 100 வாட் என்பது இங்கே சத்தத்துக்காக வாங்கப்படுவதில்லை; கையிருப்புக்காக வாங்கப்படுகிறது. மாஸ்டர் வால்யூம் மென்மையாக ஏறும் ஆம்பாக இருந்தால், 100 வாட் ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) வீட்டறையிலும் தாராளமாக வாசிக்கலாம். சில ஆம்ப்களில் அந்தத் திருகு பூஜ்யத்திலிருந்து நகர்ந்ததுமே வீடு அதிரத் தொடங்கிவிடும். வீட்டில் வாசிப்பவருக்கு அது மற்ற எல்லாச் சிறப்புகளையும் விழுங்கிவிடும் குறை.

படுக்கையறையிலும் ஒலிப்பதிவிலும் மட்டுமே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் 15 முதல் 20 வாட் வரையுள்ள சிறிய வால்வு (வெற்றிடக் குழாய்) ஹெட்கள் போதுமானவை. பீவியின் 6505 எம்.எச்., ஈ.வி.எச். நிறுவனத்தின் 5150 எல்.பி.எக்ஸ். ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஓங்கி அடிக்கும் டிரம்மர் ஒருவரோடு மைக் இல்லாமல் வாசிக்கும்போது இவை கீழ்ப்பகுதியில் தளர்ந்துவிடும். குழுவோடு வாசிப்பவருக்கு 50 வாட் நடுத்தரமான, பெரும்பாலும் சரியான தேர்வு. மேடையில் கேபினெட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) முன் மைக் வைத்து ஒலிபெருக்கிகளுக்கு அனுப்புவதே வழக்கம் என்பதால், ஆம்ப் அரங்கம் முழுவதையும் தானே நிரப்ப வேண்டிய காலம் போய்விட்டது.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பதும் தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அதன்படி 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். ஒத்திகை அறை அதை எளிதில் தாண்டிவிடும். ஆம்ப் வாங்கும் அன்றே காதடைப்பானையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வால்வு, டிரான்சிஸ்டர், டிஜிட்டல்

இன்றைய மெட்டல் ஒலியின் வால்வு ஆம்ப் மரபு பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். 1987-இல் வந்த சோல்டானோ எஸ்.எல்.ஓ.-100 ஆம்பின் முன்நிலைச் சுற்றோடு நெருங்கிய ஒற்றுமை உள்ளவை, 1990-களின் தொடக்கத்தில் வந்த பீவி 5150, மெசா பூகி டூயல் ரெக்டிஃபையர் ஆகிய இரண்டும். ஆனால் கையில் எடுத்து வாசிக்கும்போது இரண்டும் வெவ்வேறு குணம். 1992-இல் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனின் பெயரோடு வந்த 5150, நடுப்பகுதியில் முரட்டுத்தனமும் தந்தியை அடக்கும்போது உடனே நிற்கும் இறுக்கமும் கொண்டது. இரைச்சலும் அதற்கு அதிகம். அவர் பீவியை விட்டு விலகிய பின் அதே ஆம்ப் 6505 என்ற பெயரில் தொடர்ந்தது, அவருடைய புதிய நிறுவனமான ஈ.வி.எச். தனியாக 5150 என்ற பெயரைக் கொண்டுசென்றது. ஆகவே இரண்டில் எது அசல் என்று சண்டையிடுவதில் பயனில்லை. புதிய ஈ.வி.எச். வரிசை சற்றுப் பண்பட்டது, சேனல்கள் தெளிவாகப் பிரிந்தவை; பீவியின் வரிசை கரடுமுரடானது. டெத் மெட்டல், மெட்டல்கோர் என்னும் உட்பிரிவுகள் இரண்டுக்கும் பீவியைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம்.

ரெக்டிஃபையரின் கீழ்ப்பகுதி அகலமானது, ஆழமானது, அதனாலேயே தளர்வானது. அதன் மாடர்ன் நிலையில் பின்நிலையின் எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விட்டு ஒலியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு) துண்டிக்கப்படுவதால் ஒலி கட்டவிழ்ந்து பாய்கிறது. மெதுவான, கனமான ரிஃப்களுக்கு அது பிரமாதமாக இருக்கும். வேகமான அடக்கல் வாசிப்புக்கு டியூப் ஸ்க்ரீமர் முன்னால் இல்லாமல் அது காலை வாரிவிடும் என்பதே என் கருத்து. மெசாவின் மார்க் வரிசை வேறு வகை: அதில் பேஸ் திருகு டிஸ்டார்ஷனுக்கு முன்பே வேலை செய்வதால் அதை ஏறக்குறைய மூடி வைத்துவிட்டு, பின்னால் வரும் ஐந்து பட்டை ஈக்வலைசரால் கனத்தைக் கூட்டுவார்கள். மேலே சொன்ன கொள்கையை ஆம்புக்குள்ளேயே அமைத்த வடிவம் இது. ஆனால் திருகுகள் ஒன்றையொன்று பாதிப்பதால் பொறுமையில்லாதவர்களுக்கு ஏற்றதல்ல. ஜெர்மனியின் எங்ல், டீசல் ஆகிய நிறுவனங்களின் ஆம்ப்கள் பெடல் துணையின்றியே இறுக்கமானவை. சிக்கலான கார்டுகளிலும் ஒவ்வொரு சுரத்தையும் பிரித்துக் காட்டுபவை. அந்தத் தெளிவில் சிலருக்குக் குளிர்ச்சி தட்டும். 1980-களின் மார்ஷல் ஜே.சி.எம்.800, பெடலோடு சேர்ந்து த்ராஷ் வாசிப்புக்கு இன்றும் குறையில்லாத ஆம்ப். எட்டுத் தந்திக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்களை மட்டமாகப் பேசுவது கிட்டார் உலகின் பழைய பழக்கம். மெட்டல் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. பேன்டேரா குழுவின் டைம்பேக் டேரல் தம் ஒலியை ராண்டல் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்பில்தான் அமைத்தார். டெத் குழுவின் சக் ஷுல்டினர் மார்ஷலின் வால்வ்ஸ்டேட் ஆம்பைப் பயன்படுத்தினார். பெயரில் வால்வு இருந்தாலும் அதன் பெரும்பகுதி டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டர் பின்நிலை தளர்வதில்லை, அதுவே கீழ்ச்சுரங்களுக்குச் சாதகம். அளவு மீறி ஏற்றினால் ஒரேயடியாகக் கரகரக்கும் என்பது பாதகம். எனவே தேவையைவிட இரு மடங்கு வாட் உள்ளதாக எடுங்கள்.

ஆம்ப்களின் ஒலியைக் கணிப்பின் மூலம் போலச்செய்யும் டிஜிட்டல் மாடலர்களைப் பொறுத்தவரை வாதம் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். எட்டுத் தந்திக் கிட்டாரின் முன்னோடிகளான மெஷுகா 2000-களிலேயே லைன் 6 வெட்டாவுக்கும், பின்னர் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்.எக்ஸ். கருவிக்கும் மாறினார்கள். ஒலி எவ்வளவு விரைவாக நிற்கிறது என்பதில் அவர்களைவிடக் கறாரான குழுவைக் காட்டுவது கடினம். கெம்ப்பர், லைன் 6 ஹீலிக்ஸ், நியூரல் டி.எஸ்.பி. குவாட் கார்ட்டெக்ஸ் ஆகியவற்றில் எதை எடுத்தாலும் மேற்சொன்ன வால்வு ஆம்ப்களின் நம்பத்தக்க சாயல் அதில் இருக்கும். நாய்ஸ் கேட்டும் பெடலும் உள்ளேயே இருக்கும். வீட்டில் ஹெட்ஃபோனில் வாசிப்பதையும் ஒலிப்பதிவையும் பிரதானமாகக் கொண்டவர் வால்வு ஆம்புக்குச் செலவிடத் தேவையில்லை. நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸும் கணினியில் ஒரு ப்ளகினும் போதும். கணினி வழியாக வாசிக்கும்போது ஒலி வந்துசேரும் தாமதத்தைத் தீர்மானிக்கும் பஃபர் அளவைக் கவனியுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரிகள் என்பது ஒரு திசைக்கு 2.7 மில்லிவினாடி, 512 என்றால் 10.7. இரண்டாவது அளவில் வேகமான ரிஃப் கைக்கும் காதுக்கும் இடையில் வழுக்கத் தொடங்கும்.

மாடலரின் பலவீனம் அதன் வெளியீட்டில்தான் இருக்கிறது. நல்ல மாடலரை மலிவான ஒலிபெருக்கியில் இணைத்து ஏமாந்தவர்கள், குற்றத்தை மாடலர்மேல் போடுகிறார்கள். முழு அலைவரிசையையும் சீராகத் தரும் கேபினெட்டையோ, மாடலருக்கு ஒரு பவர் ஆம்பும் கிட்டார் கேபினெட்டும் சேர்ந்த அமைப்பையோ செலவுக் கணக்கில் சேர்த்த பிறகே வால்வு ஆம்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கரும் கேபினெட்டும்

ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பதில் ஆம்பைவிட ஸ்பீக்கரின் பங்கு பெரியது என்று சொன்னால் ஆம்ப் தயாரிப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆயினும் ஒரே ஹெட்டை இரண்டு கேபினெட்களில் மாற்றி மாற்றி இணைத்துக் கேட்ட எவரும் அதை மறுப்பதில்லை. செலெஸ்டியன் விண்டேஜ் 30 இன்றைய மெட்டல் ஒலிப்பதிவுகளின் பொது மொழியாகிவிட்டது. 12 அங்குலம், 60 வாட், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 100 டெசிபெல். 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அதற்குள்ள மேடுதான் கிட்டாரை டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவில் முன்னிழுத்து நிறுத்துகிறது. தனியாகக் கேட்டால் அது சற்றுக் கூர்மையாகத் தோன்றும். 97 டெசிபெல் உணர்திறன் உள்ள வேறொரு ஸ்பீக்கர் அதே சத்தத்தைத் தர இரு மடங்கு வாட் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்டேஜ் 30 பயனுறத் தரும் அலைவரிசை 70 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அப்படியானால் ஏழு தந்திக் கிட்டாரின் 61.7 ஹெர்ட்ஸ் அடிநாதம் அதில் பலவீனமாகவே வெளிவரும். நாம் கேட்பது பெரும்பாலும் மேற்சுரங்களை. இது குறையன்று. அந்தத் தளம் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் கிட்டார்களில் அந்தப் பகுதியை வெட்டியே விடுகிறார்கள். ஆகவே, தனியறையில் அடிவயிற்றைக் குலுக்கும் கேபினெட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மூடிய பின்புறமுள்ள கேபினெட்டையே எடுங்கள். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்த, திறந்த பின்புறம் கொண்ட காம்போக்களில் கீழ்ப்பகுதி கலைந்துவிடும். நான்கு ஸ்பீக்கர் கேபினெட் 40 கிலோவை ஒட்டிய எடை கொண்டது, அதைப் படியேற்றிச் சுமப்பவர் நீங்கள்தான். நன்றாகக் கட்டப்பட்ட இரண்டு ஸ்பீக்கர் கேபினெட் பெரும்பாலானோருக்குப் போதும்.

சோதித்துப் பார்க்கும் முறை

சோதனைக்கு உங்கள் சொந்தக் கிட்டாரை, நீங்கள் வாசிக்கும் ட்யூனிங்கிலேயே எடுத்துச் செல்லுங்கள். இ.எம்.ஜி. 81 போன்ற பேட்டரி பிக்கப்பும் மென்மையான சாதாரண பிக்கப்பும் ஒரே கெயின் அளவில் இரு வேறு ஆம்ப்களைப் போலக் கேட்கும். அங்கே தொங்கும் கிட்டாரில் கிடைத்த முடிவு உங்களுக்கு உதவாது. பெடல் பயன்படுத்துபவர் என்றால் அதுவும் உடன் வரட்டும்.

எல்லாத் திருகுகளையும் நடுவில் வையுங்கள், கெயினை மட்டும் நான்கில். கேபினெட் தரையில் இருந்தால் ஸ்பீக்கரின் உயரத்துக்குக் காதைக் கொண்டுபோங்கள், மண்டியிட்டாலும் பரவாயில்லை. கிட்டார் ஸ்பீக்கரின் மேற்பகுதி ஒலி நேர்க்கோட்டில் குறுகிப் பாய்வதால், நின்றுகொண்டு கேட்பவரின் முழங்காலுக்குத்தான் உண்மையான ட்ரெபிள் போய்ச் சேர்கிறது. இது தெரியாமல் ட்ரெபிளையும் பிரசன்ஸையும் ஏற்றிக்கொண்டே போனவரின் ஒலி, மைக்கின் வழியாகக் கேட்கும்போது குளவிக் கூடாக இருக்கும்.

இப்போது வலது உள்ளங்கையின் விளிம்பைப் பிரிட்ஜின் மேல், தந்திகள் அதை விட்டுப் புறப்படும் இடத்தில் பாதியும் தந்தியின் மேல் பாதியுமாக வைத்து, மிகத் தாழ்ந்த தந்தியைக் கீழ்நோக்கி ஒரே ஒரு முறை அடியுங்கள். அடித்ததும் இடது கையாலும் தந்தியை முழுமையாக மூடிவிடுங்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலில் பிக் தந்தியில் படும் 'டக்' என்ற ஓசை தெளிவாக இருக்கிறதா அல்லது உப்பிய 'பூம்' ஒன்று அதை விழுங்கிவிடுகிறதா. அடுத்து, கை மூடியபின் ஸ்பீக்கரில் எதுவும் மிச்சம் இழுபடுகிறதா. பிறகு வரும் அமைதியில் இரைச்சல் எவ்வளவு. அடுத்து அதே அடியை மூன்று மூன்றாகத் தொகுத்து, தொகுதிகளுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டு, மெதுவாகத் தொடங்கி உங்கள் வேக எல்லைவரை கொண்டுபோங்கள். நல்ல ஆம்பில் மூன்று அடிகளும் மூன்றாகவே எண்ணக் கிடைக்கும். சரியில்லாத ஆம்பில் வேகம் கூடக்கூட ஒரே நீண்ட உறுமலாகிவிடும்.

தேறியதா? கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த எண்ணில் அடிகள் ஒட்டத் தொடங்குகின்றன என்று பாருங்கள். அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழேதான் நீங்கள் வாழப்போகிறீர்கள். அதற்கு மேலுள்ள கெயின் எல்லாம் விளம்பரத்துக்குத்தான் பயன்படும். பின்னர் தாழ்ந்த தந்திகளில் காந்தாரத்தோடு ஒரு கார்டை அடித்து, உள்ளிருக்கும் சுரங்களைத் தனித்தனியே முணுமுணுத்துப் பாருங்கள்; முணுமுணுக்க முடிந்தால் ஆம்ப் சுரங்களைப் பிரித்துத் தருகிறது. கிட்டாரின் வால்யூம் திருகைப் பாதிக்கு இறக்கும்போது ஒலி தெளிகிறதா அல்லது போர்வைக்குள் போகிறதா என்பதும் கவனிக்கத்தக்கது.

நடுப்பகுதித் திருகைப் பற்றி எச்சரிக்கை அவசியம். தாழ்ந்த ஒலியளவில் மனிதக் காது கீழ்ப்பகுதியையும் மேற்பகுதியையும் குறைவாகக் கேட்கிறது. அதனால் தனியாக, மெதுவான ஒலியில் வாசிப்பவர் நடுப்பகுதியை வெட்டி மற்ற இரண்டையும் ஏற்றிவிடுகிறார். அதே அமைப்போடு ஒத்திகைக்குப் போனால் பேஸ் கீழ்ப்பகுதியை எடுத்துக்கொள்ளும், சிம்பல்கள் மேற்பகுதியை எடுத்துக்கொள்ளும், கிட்டார் காணாமல் போகும். ஆகவே சோதிக்கும்போது நடுப்பகுதியை ஐந்துக்குக் கீழே இறக்காமல் ஒலி உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் பேசிக்கொள்ளும்போது குரலை உயர்த்த வேண்டிய அளவுக்காவது ஏற்றிக் கேளுங்கள், காதடைப்பானோடு.

பழைய ஆம்ப் வாங்குபவர்களுக்கு

வால்வு ஆம்ப்கள் நீண்ட ஆயுள் கொண்டவை. கைமாறி வரும் 6505 அல்லது ரெக்டிஃபையர் பெரும்பாலும் நல்ல பேரமே. ஆனால் குளிர்ந்த ஆம்பை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். அரை மணி நேரமாவது ஓட விட்டபின், பின்நிலை வால்வுகளைக் காற்றோட்டச் சல்லடை வழியாகப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு நிற இழை ஒளிர்வது இயல்பு. வெளி உலோகத் தகடு சிவந்து கனன்றால் வால்வோ, அதில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை நிர்ணயிக்கும் பயாஸ் அமைப்போ கெட்டிருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். கெயினை ஏற்றி, கிட்டார் வால்யூமை மூடி, ஹெட்டின் மேல் விரலால் தட்டினால் கணகணவென்று மணியோசை கேட்பது முன்நிலை வால்வு தேய்ந்ததற்கு அடையாளம், 12ஏ.எக்ஸ்.7 வால்வை மாற்றினால் சரியாகும், அதைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். கரகரக்கும் திருகுகளும் அப்படியே. பெட்டியைத் திறந்து நீங்களே பார்க்க முயல வேண்டாம்: உள்ளே 400 வோல்ட்டைத் தாண்டும் மின்னழுத்தம் இருக்கிறது, மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும்.

வால்வு ஹெட்டை, ஸ்பீக்கரோ அதற்குப் பதிலாக ஆற்றலை ஏற்கும் லோடு பாக்ஸோ இணைக்காமல் ஒருபோதும் இயக்கக் கூடாது. வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகலாம். ஹெட்டின் பின்னால் தேர்ந்தெடுத்துள்ள ஓம் எண்ணும் கேபினெட்டின் ஓம் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் வடம் ஸ்பீக்கருக்கான தடித்த வடமாக இருக்க வேண்டும், கிட்டார் வடம் கூடாது. வேறு நாட்டிலிருந்து வந்த ஆம்பாக இருந்தால், ப்ளக்கைச் செருகும் முன் பின்பலகையில் அச்சிட்டுள்ள வோல்ட் எண்ணைப் படியுங்கள். 120 வோல்ட் ஆம்பை 230 வோல்ட்டில் செருகினால் ஃபியூஸ் காப்பாற்றினால் உண்டு. தகுந்த மின்மாற்றியின் விலையையும் எடையையும் கணக்கில் சேர்த்த பிறகும் பேரம் லாபமாக இருந்தால் வாங்குங்கள்.